வேலியோரத்துப் பாயிண்ட்

இங்கியே உக்காந்துக்கறனுங்கக்கா. நாற்காலியெல்லாம் வேண்டாமுங்க, இந்தத் தொவைக்கற கல்லே போதும். குடிக்கக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடுத்தீங்கன்னா ஆகும். காங்கயத்துல பஸ்சு மாறுனதுல இருந்து நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்குது.

ஆகா. என்னுங்கக்கா இது, எளநியாட்ட இருக்குது. கெணத்துத் தண்ணிங்ளா? இந்தச் சித்திர வெய்யில்லயா? ஊரூராப் போயி உப்புத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு எனக்குத் தண்ணி ருசியே மறந்து போச்சுங்க. இன்னொரு சொம்பு குடுங்க. சங்கடம் இல்லைன்னாத்தானுங்க.

என்னைய உங்குளுக்குத் தெரியாது. ஆனா உங்களை எனக்குத் தெரியுமுங்க. இந்த வேலிக்கு அக்கட்டால குத்தகைக்கு வந்து இருக்கறாளே பாவாயி, அவ என்ற கூடப் பொறந்தவ. எனக்கு எளையவ. அவளுக்கு நான் ஒரே அண்ணன். பேரு செங்கோட்டுவேலுங்க. திருச்செங்கோட்டுல போர் போடற வண்டி வெச்சிருக்கறேன்.

அண்ணனே கெடையாதுன்னு சொன்னாளுங்களா? சொல்லியிருப்பா. நீங்க முழிக்கறதப் பாத்தாலே தெரியுது. பரவால்லீங்க, எனக்கு அதுல வெசனம் இல்ல. வெசனம் இல்லைன்னு சொல்லக்கூடாது, இருக்குது. அந்த வெசனத்தோடதான் வந்திருக்கறேன். இன்னிக்கு அதுக்கு ஒரு முடிவு பண்ணிப் போடலாம்னு.

அவ புள்ள தாரணிக்கு வர்ற ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கறாங்க. தாய்மாமன் நான் முழுசா இருக்கறேன். பத்திரிகையில என்ற பேரு இல்லீங்க. சரி, அச்சடிக்கறவன் உட்டுட்டான்னு வெச்சுக்கலாம். எங்கூட்டுல, என்ற பொண்டாட்டி, வரிசைத் தட்டுல பட்டுச் சேலையும் தேங்கா பழமும் வெச்சு, நேர்ல போயிக் குடுத்துட்டு வந்தா. பஸ் ஸ்டாப்புக்கு வர்றதுக்குள்ள அந்தத் தட்டு அப்பிடியே பின்னாடியே வந்திருச்சு. மேல மூடுன துணியக் கூட நீக்கிப் பாக்கலைங்க. மாமன் சீரு இல்லாம எந்த ஊர்லிங்க கல்யாணம் நடக்குது? அந்தப் புள்ளைக்கு மொத மொதக் காது குத்தறப்ப என்ற மடியில உக்காத்தி வெச்சுத்தான் குத்துனாங்க. வலிக்குதுன்னு என்ற சட்டையப் புடிச்சுக் கிழிச்சுப் போட்டா. அந்தக் கிழிஞ்ச சட்டைய எங்கூட்டுல இன்னும் எடுத்து வெச்சிருக்கறா.

அப்பிடி என்னத்தச் செஞ்சுட்டேன்னு கேளுங்க. தண்ணி வர வெச்சேன். அதாங்க நாஞ் செஞ்ச குத்தம்.

உங்குளுக்குத் தொழில் தெரியாது, சொல்றனுங்க. போர் வண்டிக்காரனுக்கு மானமே தண்ணிதானுங்க. நாங்க ஓட்டையப் போட்டுட்டுப் போறவிங்கதான், தண்ணி பாத்துச் சொல்றது வேற ஆளு. உள்ளங்கையில தேங்காய வெச்சுக்கிட்டு நடப்பாரு, தேங்கா எந்திரிச்சு நின்னா அங்க குழி. ஆனா போருல தண்ணி வராம வெறும் பொகை வந்துச்சுன்னு வெச்சுக்கங்க, தேங்காக்காரர யாரும் திட்ட மாட்டாங்க. வண்டியத்தான் திட்டுவாங்க. ராசியில்லாத வண்டிம்பாங்க. ராசியில்லாத வண்டின்னு ஒரு வாட்டி பேராயிருச்சுன்னா ஏஜெண்டு கூப்புட மாட்டான். பத்து வண்டி வெச்சிருக்கறவனுக்கு ஒண்ணு நின்னா ஒண்ணு ஓடும். என்னைய மாதிரி ஒத்த வண்டிக்காரன் எங்கிங்க போறது? ஒரு கோடை முச்சூடும் என்ற வண்டி பெட்ரோல் பங்க் பின்னாடி நின்னுச்சு. காக்கா கூடு கட்டிருச்சுங்க கம்ப்ரசர் மேல.

அப்பத்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். கோயமுத்தூர்ல சிறுதொழில் பண்றவிங்களுக்கு ஒரு கூட்டம். அரசாங்கத்துல ஏஐ கம்ப்யூட்டர மானியத்துல குடுக்கறாங்கன்னு சொன்னாங்க. எனக்கு மொதல்ல புரியலைங்க, கம்ப்யூட்டர ஊட்டுக்குக் கொண்டாந்து குடுப்பாங்களான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சுப் போட்டாங்க. பக்கத்துல உக்காந்திருந்த சுகந்திங்கற அம்மிணிதான் பொறுமையாச் சொல்லுச்சு. வேளாண்மை ஆபீசுல டிராக்டர வாடகைக்கு உடறாங்க பாருங்க, அதாட்டந்தான். பெரிய பெரிய கம்ப்யூட்டரு எங்கியோ ஒரு கட்டடத்துல இருக்குது. அத வாங்கப் பெரிய கம்பெனிக்காரனால மட்டுந்தான் ஆகும். அரசாங்கம் அதை வாங்கி வெச்சுக்கிட்டு, நம்மளாட்டச் சின்ன ஆளுகளுக்கு மணிக்கணக்குல உடுது. நல்ல திட்டமுங்க. நாஞ் சொல்றேன், நல்ல திட்டம். இல்லைன்னா என்னைய மாதிரி ஆளு அது பக்கத்துல போக முடியுமுங்களா?

சுகந்தி ரெண்டு பேர வெச்சுக்கிட்டுச் சின்னதா சாப்ட்வேர் கம்பெனி நடத்துது. நான் தண்ணி பாக்கற வெவகாரத்தச் சொன்னதும் அதுக்குக் கண்ணு விரிஞ்சு போச்சு. சேட்டிலைட் படம், பாறை மேப்பு, எந்தக் காட்டு நெலத்துல எத்தனை அடியில தண்ணி, இதையெல்லாம் அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குக் குடுத்துப் படிக்க வெச்சா எங்க குழி போடறதுன்னு அது பாயிண்ட் சொல்லும்னு சொல்லுச்சு. ரெண்டு பேரும் சேந்து மானியத்துக்கு எழுதிப் போட்டோம். கெடைச்சுருச்சு.

ஆனா ஒண்ணு. படமும் மேப்பும் எங்கியும் கெடைக்குது. எந்தக் கெணத்துல எந்த மாசத்துல எவ்வளவு தண்ணி நிக்குதுங்கற கணக்கு எவங்கிட்டயும் இல்லீங்க. கெணத்துக்காரனக் கேட்டா, நெறையா இருக்குதுன்னு பெருமைக்குச் சொல்லுவான், இல்லைன்னா சுத்தமா இல்லைன்னு பொய் சொல்லுவான். நெசத்தச் சொல்றவ யாருன்னு பாத்தா, தண்ணி சேந்தறவ. கவுறு எவ்வளவு நீளம் போகுதுன்னு அவளோட கைக்குத் தெரியும்.

நான் பாவாயிக்கு போன் பண்ணுனேன். செம்மாண்டாம்பாளையத்துலதான் அவள அப்பக் கட்டிக் குடுத்திருந்துது. அவ கெணறு நல்ல கெணறு. பாவாயி, அமாவாசைக்கு அமாவாசை கவுத்த உட்டுப் பாத்துச் சொல்லு கண்ணுன்னு சொன்னேன். எதுக்குண்ணான்னு கூடக் கேக்கல. எனக்கு ஒரு ஒதவின்னு சொன்னேன், அவ்வளவுதான். அவ செஞ்சது பத்தாதுன்னு, அந்த ஊர்ல அவளுக்குத் தெரிஞ்ச பொம்பளைங்க, நூறு நாள் வேலைக்குப் போறப்பப் பேசிப் பழகுனவிங்க, சுத்துப்பட்டு ஊர்ல இருக்கற அவ கூட்டாளிங்க, எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வெச்சுட்டா. எங்கண்ணன் நல்லா வரோணும், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கன்னு. அமாவாசையன்னிக்கு என்ற போனு நிக்காதுங்க. அண்ணா நாலு மொழம் கொறஞ்சிருக்குது, அண்ணா மழைக்கு ரெண்டு படி ஏறியிருக்குதுன்னு ஒவ்வொருத்தியாச் சொல்லுவா. எல்லாரும் அண்ணான்னுதான் கூப்புடுவாங்க. கேக்கவே நல்லா இருக்குமுங்க.

அத்தனையும் கம்ப்யூட்டருக்குள்ள போச்சு. சுகந்தி சொல்லுச்சு, இந்த மாதிரிக் கணக்கு வேற எங்கியும் இல்லைங்கண்ணா, இதுதான் நம்ம மொதலுன்னு.

அப்பறம் ஒரு நாள் அந்தப் புள்ள மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்துது. கம்ப்யூட்டரு தண்ணி இருக்கற எடத்த நல்லாக் கண்டுபுடிக்குது, ஆனா ஒரு கோளாறு இருக்குதுன்னுச்சு. என்ன கோளாறுன்னேன். அது பாறையெல்லாம் பாக்கறதில்லைங்கண்ணா, நெறைஞ்ச கெணறு எங்க இருக்குதோ அதுக்குப் பக்கத்துலயே போயி நிக்குதுன்னுச்சு. நான் சிரிச்சுட்டேன். நெறைஞ்ச கெணத்துப் பக்கத்துல தண்ணி இல்லாம வேற எங்க அம்மிணி இருக்கும்னு கேட்டேன். அது சிரிக்கல. அடுத்தவங்க கெணத்துல இருந்து இவ்வளவு தூரம் தள்ளித்தான் பாயிண்ட் சொல்லோணும்னு ஒரு கட்டுப்பாடு போட்டுப் பாத்துது. போட்டா, பாதிக்குப் பாதி பொகை. எடுத்தா, எல்லாமே தண்ணி.

நீங்களே சொல்லுங்கக்கா, நீங்களா இருந்தா எத வெச்சுக்குவீங்க? எடுத்துருன்னு சொன்னேன். அதுக்கு இன்னொரு காரணமும் இருக்குது. அரசாங்கம் குடுத்த கம்ப்யூட்டர் மணிநேரத்த அந்தத் தவணைக்குள்ள ஓட்டி முடிச்சுரோணும். முடிக்கலைன்னா வேற ஆளுக்குப் போயிரும். அடுத்த தவணைக்கு எழுதறப்ப, போன தவணையில எத்தனை ஜெயிச்சீங்கன்னு கேப்பாங்க. பாதிப் பொகைன்னு எழுதுனா யாரு குடுப்பா? அவிங்க மேல தப்பில்லைங்க. சும்மா வாங்கி வெச்சுக்கிட்டு ஓட்டாத ஆளு எத்தனை பேரு இருக்கறான்.

அந்தக் கட்டுப்பாட்டச் சுகந்தி எடுத்துருச்சு. எடுத்ததுல இருந்து என்ற வண்டிய நிறுத்த முடியலைங்க. எங்க எறக்குனாலும் தண்ணி. பீச்சியடிக்கும், வண்டிக்கு மேல எந்திரிச்சு ஊத்தும். நம்ம டிரைவர் அங்கமுத்து ரெண்டு சட்டை கொண்டாருவான், ஒண்ணு நனையறதுக்குன்னே. ராசியில்லாத வண்டின்னு சொன்னான் பாருங்க ஒரு ஏஜெண்டு, அவன் என்ற ஊட்டு வாசல்ல வந்து நின்னான். ரெண்டாவது வண்டி எடுத்தேன். சிறுதொழில் கூட்டத்துல என்னைய மேடைக்குக் கூப்புட்டுச் சால்வை போத்துனாங்க. எட்டாவது கூடப் பாசாகல நானு. என்னைய நிக்க வெச்சு, ஏஐய இவராட்டப் பயன்படுத்தோணும்னு சொன்னாங்க. அந்தப் போட்டோவப் பாவாயிக்கு அனுப்புனேன். ஊரெல்லாம் காட்டுனா.

பாயிண்டெல்லாம் வேலியோரத்துலதான் உழுகும். அது என்னமோ அப்பிடித்தான். காட்டுக்கு நட்டநடுவுல உழுகாது. வேலியோரம், இல்லைன்னா பாத்தியோரம், இல்லைன்னா பொதுக் கெணத்துக்கு இந்தால. அங்கமுத்து ஒரு வாட்டி கேட்டான், ஏனுங்க, எப்பப் பாத்தாலும் வண்டிய வேலிய ஒட்டியே நிறுத்தச் சொல்றீங்க, வேலி முள்ளு டயர்ல ஏறுதுன்னு. கம்ப்யூட்டரு சொல்லுது, நிறுத்துடான்னேன்.

செம்மாண்டாம்பாளையத்துக்கு வந்தது அப்பத்தானுங்க. பாவாயி காட்டுக்குப் பக்கத்துக் காடு சின்னராசுது. கோழிப்பண்ணை போடறதுக்குத் தண்ணி வேணும்னு என்னையத் தேடி வந்தான். நான் ஒண்ணும் போகல. அவனா வந்தான். வர்ற ஆள வேண்டாம்னு சொல்ல முடியுமுங்களா? கம்ப்யூட்டருல போட்டா, பாயிண்டு பாவாயி வேலிக்கு இந்தால ஒரு எருமை நிக்கற தூரத்துல உழுந்திருச்சு.

எங்கூட்டு வழக்கம் ஒண்ணு சொல்றனுங்க. வண்டி வாங்குன நாள்ல இருந்து, எங்க பாவாயி கிட்டக்க இருக்கறாளோ அங்க அவதான் தேங்கா ஒடைக்கோணும். கூடப் பொறந்தவ கை ராசி. நான் போயிக் கூப்புட்டேன். தட்டுல மஞ்சளும் சூடமும் எடுத்துக்கிட்டு, தலைக்கு எண்ணெய் வெச்சுச் சீவிக்கிட்டு வந்தா. வந்தவ எடத்தப் பாத்துட்டு நின்னுட்டா. வேலியப் பாத்தா, அவ கெணத்தப் பாத்தா, என்ற மூஞ்சியப் பாத்தா.

"அண்ணா, எங்கெணத்துக்கு ஒண்ணும் ஆகாதல்ல?"

இவ்வளவுதாங்க கேட்டா. பூமிக்குள்ள தண்ணி கடலாட்டக் கெடக்குது கண்ணு, நீ ஒடைன்னேன். ஒடைச்சா. நல்லா ரெண்டு சமபாதியா ஒடைஞ்சுது. அன்னிக்கு வந்த தண்ணியாட்ட நான் என்ற பொழப்புல பாத்ததில்லைங்க. சின்னராசு பொண்டாட்டி அந்தச் சேத்துத் தண்ணியிலயே உக்காந்து அழுதா, சந்தோசத்துல.

அடுத்த அமாவாசைக்குப் பாவாயி போன் பண்ணுனா. நாலு மொழம் எறங்கியிருக்குதுண்ணான்னு சொன்னா. எழுதிக்கிட்டேன். அதுக்கடுத்த அமாவாசைக்கும் பண்ணுனா. கவுறு பத்தலண்ணா, எருமைக் கவுத்த அவுத்து முடி போட்டு உட்டேன்னா. எழுதிக்கிட்டேன். ஒரு வார்த்தை என்னையத் திட்டலைங்க அப்ப. சொல்லச் சொன்னனல்ல, அதனால சொன்னா. அதுக்கடுத்த வாட்டி, சாயங்காலமா, நான் வண்டிக்கு டீசல் போட்டுக்கிட்டு நிக்கறேன், போன் வந்துது.

"அண்ணா, இன்னிக்கு வாளியில மண்ணுதான் வந்துது. எழுதிக்கோ."

நானும் எழுதிக்கிட்டனுங்க. அதுதான அவ சொன்னது. அதுக்குச் சுகந்தி என்னையப் பாத்த பார்வை இருக்குது பாருங்க. இது உங்க தங்கச்சி கெணறுதானங்கண்ணான்னு கேட்டுது. ஆமான்னேன். அப்பறம் நான் இதுல இல்லைங்கண்ணான்னுட்டுப் போயிருச்சு. படிச்ச புள்ளைங்களுக்குப் பொறுமை பத்தாதுங்க. ஆனா கம்ப்யூட்டருக்கு எப்பிடிக் கணக்குக் குடுக்கறதுன்னு எங்கூட்டுப் பையன் அதுக்குள்ள பழகிக்கிட்டான். அது போனா என்னங்க, தண்ணி நின்னா போச்சு? வந்துக்கிட்டேதான் இருந்துது.

நீங்க ஏனுங்கக்கா சொம்ப உள்ள எடுத்துக்கிட்டுப் போறீங்க? நான் இன்னொரு வாய் குடிக்கலாம்னு இருந்தேன். சரி உடுங்க.

பாவாயி கெணறு போனதுக்கப்பறம், போன் பண்ணிக்கிட்டிருந்த பொம்பளைங்க கெணறும் ஒண்ணொண்ணாப் போச்சுங்க. அது என்னால இல்லீங்க. மழையில்ல, காலம் அப்பிடி. ஆனா அவிங்க அதப் புரிஞ்சுக்கலை. ஒரு காலையில எல்லாரும் வெறுங் கொடத்தோட பாவாயி ஊட்டு முன்னால வந்து நின்னாங்களாம். சண்டை போட்டிருந்தாக் கூடப் பரவால்லைன்னு அவ புருசன், எங்க மாப்பிள்ளை நாச்சிமுத்து சொன்னாரு. கொடத்த வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டாங்களாம். கதவத் தெறந்தா கொடமாக் கெடக்குது. அன்னியில இருந்து அவ ரேசன் கடைக்குக் கூடப் போகலை.

சின்னராசு போரும் ரெண்டாவது கோடையில நின்னுருச்சு. அவனுக்கு இன்னும் ஆழமா வேற ரெண்டு எடத்துல நாந்தான் போட்டுக் குடுத்தேன். தண்ணி வந்துது. அப்பறம் அதுவும் கொறைஞ்சுருச்சு. இப்ப அந்த ஊருக்கே லாரித் தண்ணிதானுங்க. கோழிப்பண்ணை தகரத்தக் கழட்டி வித்துட்டான். நான் அந்தப் பக்கம் போனா ஒருத்தரும் வாங்கன்னு சொல்றதில்லை. தண்ணி வந்தப்ப என்ற கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டவிங்கதான் அத்தனை பேரும்.

பாவாயி எருமைய வித்து, காட்ட வந்த வெலைக்கு வித்து, இங்க வந்து குத்தகைக்கு உக்காந்துட்டா. மாப்பிள்ளை மில்லுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போறாரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. நான் வேற ஆளு சொல்லித்தான் கேட்டேன். அன்னிக்கு நான் சோறு திங்கலைங்க. எங்கூட்டுல கேட்டுப் பாருங்க.

அதுக்குத்தான் உங்குளுக்கு நான் கடமைப்பட்டிருக்கறது. வந்த நாள்ல இருந்து அவளுக்குக் குடிக்க, கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்த, எல்லாத்துக்கும் நீங்கதான் தண்ணி குடுக்கறீங்களாம். ஒரு நாள் மூஞ்சி சுளிக்கலையாம். எங்கூட்டுக்காரி தட்டு எடுத்துக்கிட்டுப் போனப்பத் தாரணி சொல்லிக்கிட்டிருந்துதாம். அம்மா பேசாட்டியும் அந்தப் புள்ளைக்கு அத்தைங்கற பாசம் உட்டுப் போகலைங்க. வேலிக்கு அந்தாலப் பெரியம்மா கெணத்துல சித்திரையிலயும் எட்டுப் படி முழுகித்தான் கெடக்குது அத்தை, நானும் அம்மாளும் அங்கதான் துணி தொவைக்கறோம், அம்மா அங்க போனாத்தான் சிரிக்குதுன்னு சொல்லுச்சாம்.

எட்டுப் படின்னு சொன்னதும் எனக்குப் புடிச்சுக்கிச்சு. எங்கூட்டுல அதச் சொன்னது பாவாயி சிரிக்கறாங்கறதுக்கு. நான் கேட்டது எட்டுப் படிய. தொழில்காரன் காது அப்பிடித்தானுங்க இருக்கும். அன்னிக்கே பையன்கிட்டச் சொல்லிக் கம்ப்யூட்டருல ஏத்திட்டேன்.

தவணை முடியறதுக்கு இன்னும் கொஞ்சம் கம்ப்யூட்டர் மணி பாக்கி இருந்துது. வேற ஊருக்காரங்க ரெண்டு பேரு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இல்லைன்னுட்டேன். என்ற தங்கச்சிக்கு ஓட்டறேன்னுட்டேன். அவளுக்குத் தண்ணியால கோவம், தண்ணியாலயே தீத்து வெக்கறேன். இதுல என்ன தப்புங்க? சீர்த்தட்டுல பட்டுச் சேலை வெச்சாத் திருப்பி அனுப்பலாம். பூமியில இருந்து வர்ற தண்ணிய எப்பிடித் திருப்பி அனுப்புவா?

அவளுக்குக் குத்தகைக்கு உட்ட காட்டுக்காரரு திருப்பூர்ல இருக்கறாரு, போன்ல பேசிட்டேன். அவருக்கு ஏக சந்தோசம். அவரு நெலத்துல ஓசியில போர் உழுகுதுன்னா கசக்குமா? குத்தகை முடிஞ்சா அது அவருக்குத்தான்னு ஒரு வார்த்தை சொன்னாரு. சரின்னுட்டேன். அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.

கம்ப்யூட்டரு இது வரைக்கும் எத்தனையோ பாயிண்டு சொல்லியிருக்குதுங்க. ஒவ்வொண்ணுக்கும் தண்ணி வர்றதுக்கு இவ்வளவு வாய்ப்புன்னு ஒரு மார்க் போடும். இந்தப் பாயிண்டுக்குப் போட்ட மார்க்க அது எதுக்குமே போட்டதில்லை. சின்னராசுதுக்குக் கூடப் போடலைங்க. பையன் எனக்குக் காட்டறப்ப அவனுக்கே ஆச்சரியம். எங்க உழுந்திருக்குதுன்னு நான் காட்டறேன், இப்பிடி எந்திரிச்சு வாங்க. உங்க கெணத்துத் தொட்டி தெரியுதுங்களா? அதுக்கு நேரா வேலி. வேலிக்கு அந்தால சுண்ணாம்பு அடிச்ச கல்லு ஒண்ணு கெடக்குது பாருங்க. நேத்து அங்கமுத்து வந்து போட்டுட்டுப் போனான். அந்தக் கல்லுதான்.

அதச் சொல்லத்தான் வந்தேன். ரெண்டு நாளைக்குச் சத்தம் இருக்கும், புழுதி வரும். ஜன்னலச் சாத்திக்கங்க, காயப் போட்ட துணிய எடுத்து வெச்சுருங்க. பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லாமச் செய்யறது மொறை இல்லைங்க. சின்னராசு காட்டுல போடறப்பவும் நான் பாவாயிகிட்ட மொறையாச் சொல்லிட்டுத்தான் போட்டேன்.

நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. பூமிக்குள்ள தண்ணி கடலாட்டக் கெடக்குது. அப்பிடியே கொஞ்சம் முன்னப் பின்ன ஆனாலும் நான் இல்லைங்களா? இன்னும் கொஞ்சம் ஆழமா உங்குளுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டாப் போச்சு. பொறந்தவளுக்கு ஒத்தாசை பண்ணுன ஆள நான் உட்டுருவனா?

பாவாயிக்கு இன்னும் தெரியாதுங்க. தண்ணி பீச்சறப்பப் பாக்கட்டும்னு இருந்தேன். ஆனா வண்டிச் சத்தம் கேட்டுருச்சாட்ட இருக்குது. அதா, ரோட்டுல திரும்பறது நம்ம வண்டிதான். பைப் வண்டி பின்னால வருது. ஊட்டுக்குள்ள இருந்து அவளும் வந்துட்டா பாருங்க. எத்தனை நாளாச்சுங்க அவளப் பாத்து. எளைச்சுப் போயிட்டா. தல நரைச்சுப் போச்சு. என்னையக் காட்டிலும் சின்னவ, என்னையக் காட்டிலும் மூத்தவளாட்ட இருக்கறா.

இந்தப் பக்கம் பாக்கறா. உங்களைத்தான் பாக்கறா. நான் இங்க இருக்கறதப் பாத்துட்டா. கையக் காட்டுனேன், அவ காட்டலை. பரவால்ல. வண்டியப் பாத்தா, கல்லப் பாத்தா. எவ்வளவு வேகமா நடக்கறா பாருங்க, செருப்புக் கூடப் போடாம. அவ கைராசி வண்டியில்லீங்களா அது, பாசம் எங்க போகும்? எடத்தக் காட்டறதுக்குத்தான் போறா.

கல்லு மேல உக்காந்துட்டாளே. அக்கா, நீங்க எங்க போறீங்க? வேலியில முள்ளு இருக்குதுங்க. அக்கா, சேலை கிழியுது பாருங்க. நீங்களும் எதுக்குங்க அங்க போயி அவ பக்கத்துல உக்காருறீங்க?

இருங்க, அங்கமுத்து போன் பண்றான்.

சொல்லு. ஆமா, அந்தக் கல்லுதான். தெரியுதுடா, ரெண்டு பேரு உக்காந்திருக்கறாங்க, எனக்குக் கண்ணு இல்லையா? ஒண்ணு என்ற தங்கச்சி. இல்ல, ஒண்ணும் சண்டையில்ல. சும்மா உக்காந்திருக்கறாங்க. நீ நிறுத்தாத, வண்டிய உடு. பக்கத்துல வந்தா எந்திரிச்சுக்குவாங்க.